கரையோர நண்டு, மட்டி, மீன்களில் கதிர்த்தொழிற்பாட்டு மாசை அளந்து பதியக் கோரும் மனு

பிரதிப் பணிப்பாளர் அவர்கட்கு,
கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம்,
யாழ்ப்பாணம்.

ஐயா,

குடாநாட்டின் கரையோரக் கிராமமொன்றில் கடற்றொழிலாளர் சங்கச் செயலாளராக இருந்து இதை எழுதுகிறேன்.

2023 ஓகஸ்ட் 24 அன்று ஜப்பான், 2011இல் விபத்துக்குள்ளான புகுசிமா அணுவுலையின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியது. அந்தக் கிழமை எங்கள் ஊர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றியது: "நண்டு வாங்காதேங்கோ, எல்லாத்திலயும் கதிர்வீச்சாம்." விடியற்காலை வலையிலிருந்து கழற்றிய நீலக்கால் நண்டு, ஐஸ் உருகி, மத்தியானம் வரை பெட்டியிலேயே கிடந்தது. ஜப்பான் எங்கே, எங்கள் கடல் எங்கே என்று வியாபாரியிடம் வாதாடினேன். "உங்கட நண்டில இல்லையெண்டு காட்டக் கடதாசி இருக்கோ?" என்று கேட்டார். இருக்கவில்லை. அந்தக் கடதாசிக்காகத்தான் இந்த மனு.

பயம் முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அணுவுலையில் உண்டாகும் கதிர்வீசும் பொருளான சீசியம்-137 உடம்புக்குள் பொட்டாசியம்போல நடந்து தசையில் சேரும். அதன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 30 வருடம். அதைப்போன்ற ஸ்ட்ரோன்சியம்-90 கல்சியத்தோடு சேர்ந்து முள்ளிலும் ஓட்டிலும் தங்கும். சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட ஏறத்தாழ 100 மடங்கு சீசியம் கடல்மீனில் சேரலாம். நீர் சுத்தமானால் மீன் அதை மெல்ல மெல்லக் கழித்துவிடும், ஆனால் சேற்றில் படிந்தது இலேசில் போகாது. புகுசிமாத் துறைமுகத்துக்குள் 2023 மே மாதம், விபத்து நடந்து 12 வருடத்துக்குப் பிறகு பிடித்த ஒரு மீனில், கிலோவுக்கு 18,000 பெக்கரல் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) சீசியம் இருந்தது. அங்கே உணவுக்கு அனுமதித்த வரம்பு 100.

அப்புறம் உப்பு. கடல்நீரில் பொட்டாசியம் தாராளமாக இருப்பதால் கடல்மீன் நன்னீர் மீனளவுக்குச் சீசியத்தை இழுக்காது. உப்புக் குறைந்தால் அது கூடும். மாரியில் தொண்டைமானாற்று நீரேரி எப்படி மாறும் என்பது தாங்கள் அறியாததல்ல. ஆழ்கடல் மீனை மட்டும் சோதித்துவிட்டு முழுக் குடாநாட்டுக்கும் சான்று தருவது சரிவராது.

இயற்கையாகவே கடலில் உள்ள, கதிர்வீசும் பொலோனியம்-210 வேறு கதை. நண்டின் ஈரலிலும், மட்டியின் குடலிலும், குடலோடு காயவைத்த நெத்தலியிலும் அது தசையில் உள்ளதைவிட அதிகம். எங்கள் அம்மா நெத்தலியின் தலையை நகத்தால் கிள்ளிக் குடலோடு இழுத்தெறிவார். கூழுக்கு மட்டும் நண்டு ஓட்டுக்குள் உள்ளதைச் சுரண்டி விடுவார், ருசி அங்கேதானே! 1950கள், 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியமும் இன்னும் எல்லாக் கடலிலும் சிறிதளவு உண்டு. ஆகவே மொத்தக் கதிர்வீச்சு இவ்வளவு என்று ஒரேயொரு எண்ணைத் தந்தால் போதாது.

அக்கரையில் கூடங்குளமும் கல்பாக்கமும் இயங்குகின்றன. வாடைக் (வடகீழ்க் காற்று) காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரை நீரோட்டம் தெற்கே இறங்கும். அங்கே கசிவு இருப்பதாக நான் சொல்லவில்லை. இன்றைய அளவு பதிவில் இருந்தால்தான் நாளை ஏதும் கூடினால் தெரியும் என்கிறேன்.

எனவே, இலங்கை அணுசக்தி சபையையும் நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவையும் இணைத்து, குருநகர், காக்கைதீவு, மயிலிட்டி, தொண்டைமானாறு ஆகிய இடங்களில் வாடையில் ஒருமுறையும் சோழகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலம்) ஒருமுறையுமாக வருடந்தோறும் மாதிரி எடுப்பிக்க வேண்டுகிறேன். நண்டு, மட்டி, கணவாய், திருக்கை, நெத்தலி என்பவற்றில் தசையையும் குடலையும் வேறாக, சீசியத்தையும் பொலோனியத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அடிச்சேறும் எடுக்க வேண்டும், அதை விட்டால் பாதி வேலைதான். முடிவைத் தமிழில், மீன் ஏலங்கூறி விற்கும் இடங்களிலேயே ஒட்டுங்கள். கொழும்புக் கோப்பில் கிடந்தால் எங்கள் வியாபாரிக்கு அது கடதாசி ஆகாது.

மாதிரிகளை இலவசமாகத் தருவோம், ஐஸ் பெட்டியும் எங்களுடையதே. வரும் திகதியை இரண்டு நாள் முன்னதாக அறியத் தந்தால் போதும், அன்று வலையிலிருந்து நேரே எடுத்து வைப்போம்.

இங்ஙனம்,
செயலாளர்