உறுதியான வருமானமா?

ஆசிரியருக்கு,

வங்கியை விட்டு, இணையதளம் வழியே தனிநபர்களுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கும் முறை பற்றி மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. ஓய்வூதியப் பணத்தைப் போடலாமா என்று கேட்ட மேல்மாடிக்காரர் கையில் ஒரு விளம்பரத் தாள். 'மாதந்தோறும் உறுதியான வருமானம்' என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது. அப்படி உறுதி சொல்லி ஆள் பிடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்ட்டிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. வாங்கியவர் கைவிரித்தால் நஷ்டம் முழுவதும் கொடுத்தவர் தலையில்தான். வங்கி வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு; இதற்குக் கிடையாது. (நிதி நிறுவனங்களில் பறிகொடுத்த சென்னைக்கு இதெல்லாம் புதிதா என்ன!) சிறு வியாபாரிகளை வங்கிகள் அலையவிடுவதால் இந்த முறைக்குத் தேவை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'இது வைப்புத்தொகை அல்ல' என்பதையும் அதே சிவப்பு எழுத்தில் அச்சிட வைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை