ஒன்றே முக்கால் அவுன்ஸ் என்று எழுதிய பெட்டியில் ஒன்றரை அவுன்ஸ் ஈயம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
ஓசார்க் மலைப்பகுதி, மிசௌரி மாநிலம், அமெரிக்கா.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: 12 கேஜ் (குழல் அளவு), 3 அங்குல, 5-ஆம் நம்பர் (ஈய ரவையின் அளவு) வான்கோழி வேட்டைத் தோட்டாவில் எடைக் குறைவு; அதையொட்டி சோக் (குழல் முனையைக் குறுக்கும் திருகு குழாய்) பற்றி எனக்குச் சொல்லப்பட்ட தவறான ஆலோசனை – தொடர்பாக.

ஐயா/அம்மா,

வணக்கம். மூன்று வருடமாக உங்கள் தோட்டாவைத்தான் வாங்கி வருகிறேன். இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. வேட்டைக்குப் புதிதாக வந்த நண்பர்கள் இரண்டு பேரிடம் உங்கள் பெயரைச் சொல்லி வாங்க வைத்ததும் நான்தான். இந்த வசந்த கால சீசனில் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் தமிழ்நாட்டில் பிறந்தவன். ஊரில் இருந்தவரை துப்பாக்கியைக் கையில் தொட்டதே இல்லை. இங்கே பக்கத்துப் பண்ணையில் இருக்கும் பெரியவர்தான் எனக்கு வான்கோழி வேட்டையைக் கற்றுக்கொடுத்தார். அவர் முதல் நாளே சொன்னது: வான்கோழியின் உடம்பில் சுடாதே. இறகும் நெஞ்சுச் சதையும் ரவையை, அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் பொடி உருண்டைகளைத் தாங்கிவிடும், பறவை அடிபட்டு ஓடிப்போய் எங்கேயாவது கிடந்து சாகும். தலையும் கழுத்தும்தான் குறி. மூளையிலோ கழுத்தெலும்பிலோ ரவை பட்டால் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். குறி அவ்வளவு சின்னது என்பதால்தான் இதற்கென்று தனித் தோட்டாவும், குழல் முனையில் திருகுகிற இறுக்கமான சோக்கும் தேவைப்படுகின்றன.

2022-ல் உங்களிடமிருந்து 0.665 அங்குல உள்விட்டமுள்ள வான்கோழி சோக் ஒன்றும், ஒன்றே முக்கால் அவுன்ஸ், செம்புப் பூச்சு கொண்ட 5-ஆம் நம்பர் ஈய ரவைத் தோட்டா ஒரு பெட்டியும் வாங்கினேன். வாங்கிய வாரமே 40 கெஜத்தில் காகிதம் கட்டிச் சுட்டுப் பார்த்தேன். ரவை எங்கே அடர்ந்து விழுகிறதோ அதை நடுவாக வைத்து 10 அங்குல வட்டம் போட்டு எண்ணினால் மூன்று சூட்டிலும் 131, 124, 138. அந்த வட்டத்துக்குள் நூறு ரவை விழுந்தால் போதும் என்பது இங்கே வேட்டைக்காரர்கள் காலம்காலமாக வைத்திருக்கும் கணக்கு. அதைத் தாண்டியதும் நிம்மதியாகக் காட்டுக்குப் போனேன். அந்தப் பெட்டியில் இரண்டு சீசனில் இரண்டு வான்கோழிச் சேவல். 32 கெஜத்தில் ஒன்று, 36-ல் ஒன்று. இரண்டும் விழுந்த இடத்திலிருந்து அசையவில்லை.

பெட்டி ஏறக்குறைய தீர்ந்தது. போன குளிர்காலத்தில் அதே பொருள் எண்ணைக் கொடுத்து இன்னும் இரண்டு பெட்டி வரவழைத்தேன். அதே பச்சைப் பெட்டி, அதே படம், அதே எழுத்து. பிரித்தவுடன் மறுபடி சுட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாதது என் தவறு, அதை மறைக்கப் போவதில்லை. பொருள் எண் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று நம்பிவிட்டேன்.

சீசனின் இரண்டாவது வாரம். விடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே ஒரு பெரிய ஓக் மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். டாக்வுட் பூத்திருந்த நேரம், இருட்டிலும் வெள்ளை தெரிந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் மரக்கிளையில் இருந்தபடியே ஒரு சேவல் குரல் கொடுத்தது. நான் பறவையைக் கூப்பிடும் ஸ்லேட்டில் குச்சியை உரசிப் பெட்டையின் குரலில் மெதுவாகக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தது. வாலை விரித்து, இறக்கைகளைத் தரையில் இழுத்துக்கொண்டு, நாலு அடி வைப்பதும் நிற்பதுமாக. நெஞ்சில் தாடி மாதிரி ஒரு கற்றை தொங்கியது. தலை ஒரு கணம் வெள்ளை, ஒரு கணம் நீலம், கழுத்தோ ரத்தச் சிவப்பு. வாலை விரித்து நிற்கும்போது கழுத்து உள்ளே மடங்கியிருக்கும், அப்போது சுடக்கூடாது. தூரம் அளக்கும் கருவியில் 38 கெஜம் காட்டியது. நாக்கால் மெல்ல ஒரு 'டக்' கொடுத்தேன். வாலைச் சுருக்கிக் கழுத்தை முழுசாக நீட்டிப் பார்த்தது. சுட்டேன்.

விழுந்தது. இறக்கையை அடித்துக்கொண்டு ஒரு சுற்று புரண்டது. நான் எழுந்து நிற்பதற்குள் அதுவும் எழுந்துவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே ஓடி, சீடார் புதருக்குள் போய்விட்டது. இடையில் மரங்கள் இருந்ததால் இரண்டாவது முறை சுட வழியில்லை.

பதினொன்றரை வரை தேடினேன். பெரியவரும் வந்து சேர்ந்துகொண்டார். கிடைத்தது ஐந்தாறு இறகு, காய்ந்த ஓக் இலை ஒன்றின் மேல் சுண்டுவிரல் நகம் அளவு ரத்தம். அவ்வளவுதான். மறுநாளும் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு உயிரை எடுப்பதென்றால் வலி தெரியாமல், உடனே எடுக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அந்த இலையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. இந்தக் கடிதம் எழுதுவதற்கு முதல் காரணமும் அதுதான்.

அந்த வார இறுதியில் பண்ணையில் காகிதம் கட்டினோம். அதே துப்பாக்கி, அதே 0.665 சோக், அதே 40 கெஜம். புதுப் பெட்டியிலிருந்து மூன்று தோட்டா. 10 அங்குல வட்டத்துக்குள் 71, 58, 66. வான்கோழித் தலையையும் கழுத்தெலும்பையும் அசல் அளவில் அச்சடித்த குறித்தாளையும் வைத்துச் சுட்டோம். முன்பு பழைய தோட்டாவில் சுட்ட தாளில் எலும்பின் மேல் மட்டும் 14 ஓட்டை இருந்தது. இதில் மூன்று. அந்தச் சேவல் ஏன் எழுந்து ஓடியது என்பது அந்தத் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அப்புறம் ஒரு தோட்டாவை வாயை விரித்துப் பிரித்தேன். நல்லவேளையாகப் பழைய பெட்டியில் ஒரு தோட்டா மீதம் வைத்திருந்தேன், அதையும் பக்கத்திலேயே வைத்துப் பிரித்தேன். பழையதில் ரவைகளுக்கு நடுவே வெள்ளையாக உப்பு போன்ற பிளாஸ்டிக் தூள் கொட்டியது. புதியதில் ஒரு பொட்டுத் தூள்கூட இல்லை. நகை நிறுக்கும் தராசில் தூளை நீக்கி நிறுத்தேன். பழையதில் ஈயம் 49.7 கிராம், எண்ணிக்கை 301. புதியதில் 42.6 கிராம், எண்ணிக்கை 257. இன்னொரு பெட்டியிலிருந்தும் ஒன்றைப் பிரித்தேன். 42.4 கிராம். ஒன்றே முக்கால் அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 49.6 கிராம். ஒன்றரை அவுன்ஸ் என்றால் 42.5. அதாவது பெட்டியின் மேல் ஒன்றே முக்கால், உள்ளே ஒன்றரை.

நாற்பதுக்கும் மேல் ரவை குறைந்தது ஒரு பக்கம். தூள் இல்லாததுதான் அதைவிடப் பெரிய கேடு. தோட்டா வெடிக்கும்போது முன்னால் இருக்கிற ரவையின் பளுவில் பின்னால் இருப்பது நசுங்குகிறது. ஈயம் மென்மையானது, உருண்டை தட்டையாகிவிடும். தட்டையான ரவை நேராகப் போகாது, காற்றில் விலகிச் சிதறும். ரவைக்கு ரவை இடையே மெத்தை மாதிரி இருந்து அதைத் தடுப்பதுதான் அந்தத் தூளின் வேலை. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டுப் பெட்டியில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பியிருக்கிறீர்கள். பேரம் பேசி வாங்கும் இடத்தில்கூட எடை குறைந்தால் கடைக்காரரைக் கேட்போம். இதில் அந்தக் குறைவு ஒரு உயிரின் மேல் போய் விழுந்திருக்கிறது.

உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை இல்லை. ஆனால் எடையைப் பற்றி நான் சொன்னது எதையும் அவர் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. "உங்கள் சோக் போதிய இறுக்கமாக இல்லை சார், எங்களுடைய 0.640 வாங்குங்கள், சரியாகிவிடும்" என்றார். ஒரு நப்பாசையில் அதையும் வாங்கினேன். அதில் சுட்டபோது வட்டத்துக்குள் 49, 44. காகிதத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம், சுற்றிலும் கொத்துக் கொத்தாக ரவை.

12 கேஜ் குழலின் உள்விட்டம் சாதாரணமாக 0.729 அங்குலம். 0.665 சோக் என்றால் கடைசி இரண்டு அங்குலத்தில் 0.064 இறுக்குகிறோம். சாதாரண ஃபுல் சோக்கின் இறுக்கம் ஏறக்குறைய 0.035 தான், ஆக இதுவே நல்ல இறுக்கம். 0.640 என்றால் 0.089. தூள் பாதுகாப்பு இல்லாத மென்மையான ஈயத்தை அத்தனை சின்ன வாய்க்குள் திணித்தால் மிச்சம் மீதி இருக்கிற உருண்டையும் நசுங்கத்தானே செய்யும்? இறுக்க இறுக்க நெருங்கிக்கொண்டே போகும் என்பது ஒரு எல்லை வரைதான் உண்மை. அந்த எல்லை துப்பாக்கிக்குத் துப்பாக்கி, தோட்டாவுக்குத் தோட்டா மாறும். காகிதத்தில் சுட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். இதை உதவி எண்ணில் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை போன் செய்தபோது இன்னொருவர் பேசினார். அவர் ஒரு படி மேலே போனார். ஈயத்தை விட்டுவிட்டு உங்கள் டங்ஸ்டன் தோட்டாவை அதே 0.640 சோக்கில் போட்டுச் சுடச் சொன்னார். டங்ஸ்டன் நல்ல சரக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11 கிராம் என்றால், வேட்டைக்கு வருகிற டங்ஸ்டன் ரவைக்கு 18. அதனால் 9-ஆம் நம்பர் என்கிற பொடி ரவையே 5-ஆம் நம்பர் ஈயத்தின் வேலையைச் செய்துவிடும். பொடியாக இருப்பதால் ஒரே தோட்டாவில் எத்தனையோ அதிகம் பிடிக்கும். விலைதான் பல மடங்கு. ஆனால் அது ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்கிற உலோகம் இல்லை. சோக்கின் எஃகைவிடக் கடினமானது. நீங்கள் 0.640 சோக்குடன் வைத்து அனுப்பிய துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது மடிப்பில், எறும்பு சைஸ் எழுத்தில், "ஈய ரவைக்கு மட்டும்" என்று போட்டிருக்கிறது. சீட்டைப் படிக்காமல் உங்கள் ஊழியர் சொன்னதைச் செய்திருந்தால் சோக் வீங்கியிருக்கலாம், குழல் முனையே கெட்டுப்போயிருக்கலாம். கன்னத்தைத் துப்பாக்கியில் வைத்துச் சுடுகிறவன் நான். இது எடைக் குறைவைவிட மோசமான விஷயம். உங்கள் தொலைபேசிப் பதிவில் அந்த உரையாடல் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பெட்டியின் முன்பக்கம் பெரிய மஞ்சள் எழுத்தில் "60 கெஜத்திலும் வீழ்த்தும்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். எந்தச் சோக்கில், எந்தக் குழலில் சுட்டுப் பார்த்து இதை எழுதினீர்கள் என்று எங்கேயும் இல்லை. நன்றாக இருந்த பழைய தோட்டாவையே நான் 50 கெஜத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறேன். வட்டத்துக்குள் 70-ஐ எட்டவில்லை. முதல் சீசன் வருகிற ஒரு பையன் அந்த மஞ்சள் எழுத்தை நம்பி 55 கெஜத்தில் சுடுவான். அவன் பறவையும் சீடார் புதருக்குள்தான் போகும்.

நான் கேட்பது இவைதான். என் இரண்டு பெட்டியிலும் உள்ள தொகுதி எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தத் தொகுதியைப் பரிசோதித்து, அதை வாங்கிய எல்லோருக்கும் தகவல் சொல்லுங்கள். அக்டோபரில் இங்கே இலையுதிர் கால வான்கோழி சீசன் தொடங்குகிறது, அதற்கு முன்பாகவே சொல்லிவிட வேண்டும். ரவை எடையையோ தூளையோ மாற்றினால் பொருள் எண்ணையும் மாற்றுங்கள். எந்தச் சோக் அளவில், எத்தனை கெஜத்தில், 10 அங்குல வட்டத்துக்குள் எத்தனை விழுந்தது என்பதைப் பெட்டியில் போடுங்கள், 60 கெஜம் என்பதை எடுத்துவிடுங்கள். "ஈயத்துக்கு மட்டும்" என்பது சோக்கின் உடம்பிலேயே பொறித்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு பெட்டியின் விலையும் 0.640 சோக்கின் விலையும் திரும்ப வேண்டும். அது கடைசியில் வந்தாலும் பரவாயில்லை, மற்றவை முதலில் நடக்கட்டும்.

மீதித் தோட்டாக்களைத் தபாலில் அனுப்பச் சொல்லி உங்கள் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. அமெரிக்க அஞ்சல் துறை வழியாகத் தோட்டா அனுப்பச் சட்டம் இடம் தருவதில்லை. நீங்களே ஒரு கூரியர் நிறுவனத்தை ஏற்பாடு செய்து ஆள் அனுப்பினால் ஒப்படைக்கிறேன். பிரித்த தோட்டாக்கள், நிறுத்த ஈயம் தனித்தனிப் புட்டியில், சுட்ட காகிதங்கள் தேதி போட்டு, எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் யாராவது நேரில் வந்தால் அதே பண்ணையில், அதே 40 கெஜத்தில் சுட்டுக் காட்டவும் தயார். அதற்காகவே பதினொரு தோட்டாவைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சுட்ட காகிதங்களின் புகைப்படம் 8, தராசின் புகைப்படம் 3, வாங்கிய ரசீதுகளின் நகல்.