எட்டாம் வகுப்பின் நுங்கம்பாக்கம் நடை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நுங்கம்பாக்கம் சுற்றிக் காட்ட அழைத்துப் போகிறோம். தினமும் ஆட்டோவில் கடக்கிற தெருவில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

நம் பேட்டை நெடுங்காலம் தனிக் கிராமம். முதலாம் ராஜேந்திர சோழன் காலச் செப்பேட்டிலேயே அதன் பெயர் வருகிறது. 1708-ல் திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவற்றோடு சேர்ந்து ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போனது. அப்புறம் கோட்டை நெரிசலிலிருந்து தப்பிக்க வெள்ளைக்காரர்கள் இங்கே தோட்ட வீடுகள் கட்டத் தொடங்கினார்கள்.

அப்படி 1798-ல் எழுந்ததுதான் கல்லூரிச் சாலையில் உள்ள டவ்டன் ஹவுஸ். (வேப்பேரி டவுட்டன் பஸ் நிறுத்தம் வேறு.) கட்டியவர் பெஞ்சமின் ரோபக், பெயர் மட்டும் பின்னால் குடியிருந்த ராணுவ அதிகாரி ஜான் டவ்டனுடையது. பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது 1875-ல் நடந்த கதை. பரோடா மன்னர் மல்ஹர் ராவ் கெய்க்வாட், தன் அரசவையில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்டுக்கு விஷம் வைக்க முயன்றார் என்று குற்றம் சாட்டப்பட்டார். விசாரணைக் குழு ஒருமனதாக முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் பதவியைப் பறித்துச் சென்னைக்கு அனுப்பி, இந்த வீட்டில் காவலில் வைத்தார்கள். மன்னர் சிறையிருந்த வீட்டுக்கு 1916-ல் பெண்கள் கிறித்தவக் கல்லூரி வந்தது. எனக்கு இந்த மாற்றம்தான் பிடிக்கும். உள்ளே செல்லக் கல்லூரியிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் வாசலிலிருந்தே கதை சொல்வோம்.

அதே சாலையில் வானிலை மையம். மழை நாளில் செய்தியில் 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்' என்று கேட்கிறோமே, அந்த இடம். 1792-ல் அது நட்சத்திரங்களைப் பார்த்து ஆராயும் வானாய்வகமாக இருந்தது. தமிழிலும் தெலுங்கிலும்கூடக் கல்வெட்டு பொறித்த கருங்கல் தூண் அங்கே இருக்கிறது.

மாளிகையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே இருந்த நுங்கம்பாக்கம் ஏரியின் கரையில் பயிர் வைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள் பெயரை யாரும் எழுதவில்லை. ஏரியும் இப்போது இல்லை; லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று தெருப்பெயர்கள்தான் மிச்சம். 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த நிலத்தில்தான் நிற்கிறது. அதனால் ஓர் உதவி வேண்டும். வீட்டில் தாத்தா, பாட்டி, பெரியப்பா யாராவது இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களா? தண்ணீர் நின்ற நாள்களோ, பழைய கோயில் திருவிழாவோ நினைவிருந்தால் பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லுங்கள், அவர்கள் எழுதி வரட்டும். பழைய போட்டோ இருந்தால் செல்போனில் படமெடுத்து அனுப்பினால் போதும், அசலை அனுப்ப வேண்டாம்.

கட்டணம் எதுவும் இல்லை. காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் விட்டு, பத்தரைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், நடக்க வசதியான செருப்பு போதும். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்