வீட்டில் மின்சார கார் சார்ஜர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். போன வாரம் காரிலேயே ஊருக்குப் போய் 4 நாள் கழித்து வந்து பார்த்தால், சார்ஜரின் சப் மீட்டரில் அரை யூனிட் ஏறியிருக்கிறது! சுவரில் அந்தப் பச்சை விளக்கும் வைஃபையும் சும்மா இருப்பதில்லை. கணக்குப் போட்டால் சுமார் 5 வாட்; இரண்டு மாத ஈபி பில்லில் 7 யூனிட். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் வெளியூர் போகும்போது சார்ஜருக்கான எம்சிபியை (பிரேக்கர் சுவிட்சை) இறக்கிவிடுங்கள்.

சார்ஜ் ஏறும்போது மட்டும் அதில் கை வைக்காதீர்கள். முதலில் காரிலோ ஆப்பிலோ நிறுத்தி, காரில் செருகிய சார்ஜிங் கன்னைக் கழற்றிய பிறகே அணைக்க வேண்டும். இரவு டைமர் போடுகிறவர்கள் தினமும் அணைக்க வேண்டாம். நான் அணைத்துவிட்டுத் தூங்கி, காலையில் ஆபீசுக்கு ஆட்டோவில் போனேன்.