லிஸ்ட் படத்தை வாங்கும் முன்

அன்புள்ள கயல்,

வியன்னாவில் பழைய அச்சுப் படக் கடையில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் படம் ஒன்றைப் பார்த்ததாகவும், கீழே அவரே போட்ட கையெழுத்து இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே. முதலில் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துப் போய் அந்தக் கையெழுத்தைப் பார். அந்தக் காலத்து இரும்பு மை நாளானால் பழுப்பேறும், தாளின் இழைக்குள் இறங்கியிருக்கும். கையெழுத்தும் படமும் ஒரே கறுப்பில், ஒரே மாதிரி மேலே உட்கார்ந்திருந்தால் அதுவும் அச்சுதான். பசை பூசிய தாளில் எண்ணெய் மையால் கையெழுத்து வாங்கி, அதைக் கல்மேல் வைத்து அழுத்திவிடுவார்கள். மோசடி இல்லை, அன்றைய வழக்கம். ரசிகருக்கு முகமும் கையெழுத்தும் ஒரே தாளில் கிடைக்கும். ஆனால் அதற்கு அசல் கையெழுத்தின் விலையை நீ கொடுக்கக் கூடாது.

கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் லித்தோகிராஃபி, எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக் கல்லை மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து, மெல்லிய சொரசொரப்பு வரச் செய்வார்கள். மெழுகு, கொழுப்பு, சோப்பு, விளக்குக்கரி கலந்த க்ரேயானால் ஓவியர் அதன்மேல் இடவலம் மாற்றி வரைவார். பிறகு அரபிக் கோந்தில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். வரையாத இடம் தண்ணீரைப் பிடிக்கும், வரைந்த இடம் எண்ணெய் மையைப் பிடிக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் கல்லை நனைத்து, மை உருளை ஓட்டி, தாளை வைத்து அழுத்த வேண்டும். அமிலம் கொஞ்சம் கூடினால் கன்னத்தின் மெல்லிய நிழல் அழிந்துவிடும். ஈரம் குறைந்தால் வெள்ளை இடத்திலும் மை ஏறும். வரையும்போது வெறும் விரல் பட்டால் ரேகைகூட அச்சாகிவிடும்.

1790களின் இறுதியில் மியூனிக்கில் இதைக் கண்டுபிடித்த அலோய்ஸ் செனஃபெல்டர் தொடக்கத்திலேயே இசைத்தாள்களைக் கல்லில் அச்சிட்டுப் பார்த்தவர். ஆகவே கல்லச்சுக்கும் இசைக்கும் உறவு பிறப்பிலேயே வந்தது. செப்புத் தகட்டில் ஒரு முகத்தைச் செதுக்க மாதக் கணக்காகும். கல்லில் ஓவியரே நேராக வரையலாம், நடுவில் செதுக்குபவர் வேண்டாம். இந்த வேகம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது என் எண்ணம். கலைஞர் ஊரில் இருக்கும்போதே அவர் முகம் கடைக்கு வந்துவிடும்.

1838 மார்ச்சில் டான்யூப் வெள்ளம் ஹங்கேரியின் பெஸ்ட் நகரை அழித்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்காக வாசிக்க லிஸ்ட் வியன்னா வந்தார். ஓவியர் யோசெஃப் க்ரீஹூபர் அவரை அந்த ஆண்டே கல்லில் வரைந்தார். சுமார் மூவாயிரம் கல்லச்சு முகங்கள் வரைந்த மனிதர் அவர். படத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் பதிப்பாளர் பெயரும் இருக்கும். அதைக் கட்டாயம் படி. பியேத்ரோ மெக்கெட்டி என்றிருந்தால், அவர் இசைத்தாள் பதிப்பாளர். முகத்தையும் இசையையும் ஒரே கடை விற்றது. முகம் பிடித்தவர் இசைத்தாள் வாங்குவார், வாசித்துப் பார்த்தவர் கச்சேரிக்குச் சீட்டு வாங்குவார். 1841-42 குளிர்காலத்தில் பெர்லினில் பெண்கள் லிஸ்ட்டின் முகம் பதித்த நகைகளை அணிந்தார்கள். 1844இல் கவிஞர் ஹைன்ரிக் ஹைனே அந்த வெறிக்கு ‘லிஸ்ட்டோமேனியா’ என்று பெயரே வைத்துவிட்டார்.

பெர்லினுக்குப் போனால் பழைய தேசியக் காட்சியகத்தில் யோசெஃப் டான்ஹவுஸர் 1840இல் தீட்டிய ஓவியத்தின் முன் நின்று பார். லிஸ்ட் பியானோ வாசிக்கிறார், பார்வை பீத்தோவனின் மார்பளவுச் சிலைமேல். சுற்றிலும் வயலின் கலைஞர் பகனீனி, இசையமைப்பாளர் ரொஸ்ஸீனி, எழுத்தாளர்கள் விக்டர் யூகோ, துமா, ஜார்ஜ் சாண்ட். அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை. ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர் கோன்ராட் கிராஃப், பியானோ செய்பவர். லிஸ்ட் வாசிப்பதும் கிராஃப் பியானோதான். இவ்வளவு அழகான விளம்பரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படம் கலைஞரின் சொல் கேட்கும் என்றும் இல்லை. 1831இல் பகனீனி பாரிஸில் வாசித்தபோது, அவர் சிறையில் வயலின் வாசிப்பதாக லூயி பூலாஞ்ஜே வரைந்த கல்லச்சுப் படம் கடைகளில் தொங்கியது. பகனீனி பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். அவர் சிறையில் இருந்தார் என்ற கதை அதற்குப் பிறகும் ஓயவில்லை. மறுப்பை ஒருமுறை படிப்பார்கள், படத்தைத் தினமும் பார்ப்பார்கள்.

புகைப்படம் வந்ததும் உடனே இது மாறவில்லை. தொடக்ககாலப் புகைப்பட வகையான டாகெரோடைப் ஒரே ஒரு தகடு, பிரதி எடுக்க முடியாது. 1854இல் புகைப்படக்காரர் டிஸ்டேரி பாரிஸில் ஒரே கண்ணாடித் தகட்டில் பல படம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான், 6×9 செ.மீ. அளவில் அட்டையில் ஒட்டிய முகங்கள் ஆல்பங்களை நிரப்பின.

இனி உன் படம். சட்டத்திலிருந்து கழற்றித் தரச் சொல். லென்ஸில் ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது பின்னாளில் எடுத்த ஹாஃப்டோன் நகல், அதாவது புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிட்டது. கல்லச்சில் க்ரேயான் கோடு கல்லின் சொரசொரப்பில் உடைந்து, ஒழுங்கில்லாத கறுப்புத் துகள்களாகத் தெரியும். செப்புத் தகட்டு அச்சில் தாளில் பதியும் தகட்டு விளிம்பின் பள்ளமும் கல்லச்சில் இருக்காது. முகத்தைச் சுற்றி மெல்லிய வேறொரு தாளின் விளிம்பு தெரிந்தால் பயப்படாதே, நல்ல பிரதிகளை மெல்லிய தாளில் அச்சிட்டுக் கனமான தாளில் ஒட்டுவது உண்டு. நிழல்கள் அடைத்துப்போய் முடி ஒரே கறுப்பாக இருந்தால், பல பிரதிகள் எடுத்துக் கல் களைத்த பிறகு எடுத்த பிரதி. அச்சகப் பெயரோடு ஓரத்தை வெட்டியிருந்தாலும் விலையைக் குறைத்துக் கேள். பழுப்புப் புள்ளிகளை நீயே ப்ளீச் போட்டு எடுக்கப் பார்க்காதே, தாள் நொறுங்கிவிடும்.

வாங்கினால் அமிலமில்லாத அட்டையில், ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமைமாவுப் பசையும் வைத்து மேல் விளிம்பில் மட்டும் பிடித்து வை. செல்லோடேப் வேண்டவே வேண்டாம். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட், அதாவது படத்தின் அளவுக்கு வெட்டிய அட்டை, இருக்கட்டும், வெயில் விழும் சுவரில் மாட்டாதே. சட்டத்தைக் கழற்றக் கடைக்காரர் மறுத்தால் வேறு கடை பார்.

அன்புடன்
அம்மா