அந்தக் கோடு போடாத நோட்டைப் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் கோடு போடாத நோட்டு ஒன்று கொடுத்தோம். ஓவிய வகுப்பு டிராயிங் நோட்டு வேறு, இது வேறு. கண்ணில் பட்டதையும் மனதில் தோன்றியதையும் உடனே வரைந்து வைத்துக்கொள்ளத்தான் இது. மதிப்பெண் கிடையாது.

"நோட்டு முழுக்கக் கிறுக்கி வைத்திருக்கிறான் சார், பார்க்கவே சகிக்கவில்லை" என்று ஒரு அப்பா வருத்தப்பட்டார். போன வாரம் வேறொரு பிள்ளையின் நோட்டில் ஏழெட்டுப் பக்கம் காணோம். விசாரித்தால், அசிங்கமாக இருக்கிறதென்று வீட்டில் கிழித்துவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டு விழா மேடையில் நீங்கள் பார்த்த மீன்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா தையல் வேலை செய்கிறார். மிஷினுக்கு அடியில் விழுந்து கிடந்த வெட்டுத்துணிகளை அவள் ஜூலையிலேயே ஒரு பக்கம் முழுக்க வரைந்திருக்கிறாள். கழுத்து வெட்டிய அரைவட்டம், கை வைக்க வெட்டிய பிறை, ஓரத்தில் நீளமான கீற்றுகள். பிறைக்குப் பக்கத்தில் "இது மீன் மாதிரி இருக்கு" என்று பென்சிலில் ஒரு வரி. அடுத்த பக்கங்களில் ஆட்டுக்குட்டி, பஸ் படிக்கட்டு, பாதியில் விட்ட ஒரு கை. மேடைத் திரைக்கு என்ன வரையலாம் என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, அவள் அந்தப் பழைய பக்கத்தைப் புரட்டி எடுத்து நீட்டினாள். அந்தப் பக்கத்தையும் யாராவது கிழித்திருந்தால்?

ரவீந்திரநாத் தாகூர் கவிதை எழுதும்போது பிடிக்காத வரிகளை அடிப்பார். அந்த அடித்தல்களையே ஒன்றோடொன்று சேர்த்துப் பறவையாக, விநோத விலங்காக ஆக்கிவிடுவார். 1924இல் எழுதிய 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் பிரதியில் இதைப் பார்க்கலாம். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தக் கிறுக்கலிலிருந்து வளர்ந்த ஓவியங்களை 1930இல் பாரிஸில் கண்காட்சியாக வைத்தார். சினிமா இயக்குநர் சத்யஜித் ராய் தன் படங்களுக்கான காட்சிகளையும் உடைகளையும் வரைந்து பார்த்தது, வங்காளத்துக் கடைக்காரர்கள் கணக்கெழுதும் சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டில்தான். விலை உயர்ந்த தாள் எதுவும் தேவைப்படவில்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இந்த நோட்டுக்கு மட்டும் ரப்பர் வேண்டாம். தப்பாகப் போட்ட கோடு அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் இன்னொன்று போட்டுப் பார்க்கட்டும். செல்போனில் வரும் படத்தைப் பார்த்து வரையச் சொல்லாதீர்கள். அடுக்களை, வாசல், மாட்டுக் கொட்டகை, அப்பாவின் கைக்கடிகாரம் என்று வீட்டிலேயே வரைய எவ்வளவோ இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடச் சொல்லுங்கள், பிறகு தேடி எடுக்க உதவும். பிள்ளை தானாகக் காட்டினால் உட்கார்ந்து பாருங்கள். "இது எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள், நிறையச் சொல்வார்கள்.

பக்கங்களை இழந்த பிள்ளைக்குப் புது நோட்டு கொடுத்துவிட்டோம். மற்றவர்களும் நோட்டு தீர்ந்ததும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் என் அறைக்கு வந்து அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம். பழைய நோட்டைத் திருப்பித் தர வேண்டாம். வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்