மதியம் எழுந்திருக்கிற மகனுக்கு

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம்தான் என்று எழுத ஆசை. ஆனால் "வயிறு எந்நேரமும் உப்பிக்கிட்டே இருக்கும்மா" என்று நேற்று நீ சொன்ன பிறகு எப்படி எழுதுவது? போனில் விளக்கினால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஷிப்டு முடிந்து ஆற அமரப் படி.

நீ அனுப்பிய வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். பழத்தை வெறும் வயிற்றில்தான் தின்ன வேண்டுமாம். சாப்பாட்டுக்கு மேல் தின்றால் அது வயிற்றிலேயே கிடந்து அழுகுமாம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு அந்த ஆள் அடித்துப் பேசுகிறார், அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மக்களே.

வயிற்றில் பழம் அழுகாது. அங்கே சுரக்கும் அமிலத்தில், பழத்தை அழுக வைக்கிற கிருமிகள் பெருக வழியில்லை. சோறு, குழம்பு, பழம் எல்லாம் ஒன்றாகக் கடைந்து கூழாகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு இறங்கும். ஒரு முழுச் சாப்பாடு இறங்கி முடிய மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். வெறும் வயிற்றில் தின்ற பழம் சீக்கிரம் இறங்கும் என்பது உண்மைதான். அதனால் சத்து அதிகமாகச் சேரும் என்று சொல்ல முடியாது. சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் எடுக்க வேண்டிய சத்தை அது எடுத்துக்கொள்ளும்.

அந்த ஆள் நம் ஊர்ப் பக்கம் வந்ததில்லை போல. புட்டோடு பழம் பிசைந்து தின்று வளர்ந்தவன் நீ. கல்யாணப் பந்தியில் பாயசத்தில் மட்டி வாழைப்பழமும் பப்படமும் நொறுக்கிப் போட்டுச் சாப்பிடாமல் இலையை மூடுகிறவர் யாராவது உண்டா?

அப்படியானால் உனக்கு ஏன் உப்புகிறது? நேரத்தால் இல்லை. நீ போட்டுக்கொள்கிற கிண்ணத்தால். எழுந்ததும் டிபனை விட்டுவிட்டு ஆப்பிள், தர்பூசணி, மாம்பழம் என்று ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தின்கிறேன் என்றாய். மூன்றும் ஒரே ரகம். பழத்தில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையைச் சிறுகுடல் ஒரு வேளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு அளவோடுதான் உறிஞ்சும். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். இந்த மூன்று பழத்திலும் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம். ஆப்பிளில் சார்பிடால் என்ற இன்னொன்றும் உண்டு. அதுவும் முழுதாக உறிஞ்சப்படாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போனால் அங்கிருக்கிற பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்கும். உன் வயிற்றில் கேட்கிற கடமுடா அதுதான். சின்ன வயதில் சக்கைப்பழம், அதான் பலாப்பழம், சீசனில் அளவில்லாமல் தின்றுவிட்டு ராத்திரி நீ உருண்டது உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது.

இனி ஒரு வேளைக்கு ஒரு பழம் போதும். ஆரஞ்சு, பப்பாளி, அன்னாசி எல்லாம் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. அதையும் தனியாகத் தின்னாமல் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள். கூடச் சோறோ புட்டோ இருந்தால் பழத்தின் சர்க்கரை மெதுவாக இறங்கும். குடலுக்கும் அவகாசம் கிடைக்கும்.

சாப்பாட்டோடு சேர்ப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து லேசில் உடம்பில் ஒட்டாது. அதே வேளையில் வைட்டமின் சி உள்ளே போனால் நன்றாக ஒட்டும். உன் தங்கைக்கு ரத்தம் குறைவு என்று தெரிந்ததிலிருந்து முருங்கைக்கீரை வைக்கிற அன்று இலையோரத்தில் நெல்லிக்காயோ கொய்யாவோ வைத்துவிடுகிறேன். சாப்பிட்ட கையோடு டீ குடிக்க விடுவதில்லை. டீ அந்த இரும்பைத் தடுத்துவிடும். அப்பாவுக்குக் கணக்கு வேறு. சுகர் இருப்பதால் மதியச் சோற்றுக்கு மேல் பழமும் சேர்ந்தால் ஏறிவிடும். அதனால் பதினொரு மணிக்கு ஒரே ஒரு சின்னப் பழம், கூடக் கொஞ்சம் வேர்க்கடலை. ஒரே வீட்டிலேயே இப்படி. அந்த வீடியோ ஊருக்கெல்லாம் ஒரே நேரம் குறிக்கிறது.

நேரம் என்று ஒன்று உண்டென்றால், அது படுப்பதற்கும் எழுவதற்கும் உள்ள கணக்குதான். நாம் தூங்கும்போது பெருங்குடலும் அசைவைக் குறைத்துக்கொள்ளும். எழுந்து முதல் சாப்பாடு உள்ளே போனதும் அது வேகமாக அசையத் தொடங்கும். ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர்களுக்கு இந்த ஒழுங்கு குலைந்து மலச்சிக்கலும் உப்புசமும் வருவது வழக்கம்தான். விடிந்து படுத்து ஒரு மணிக்கு எழுகிறாய் என்றால், அந்த ஒரு மணிதான் உன் காலை. அப்போது ஒழுங்காக டிபன் சாப்பிடு, கூட ஒரு பழம், தண்ணீர். பிறகு அவசரப்படாமல் பாத்ரூம் போ. போனை வெளியே வைத்துவிட்டுப் போ.

ஷிப்டு முடிந்து வந்து பசித்தால் ஒரு மட்டிப்பழம் தின்னலாம், தப்பில்லை. புளிப்புப் பழம் தின்றுவிட்டு உடனே படுக்காதே. நெஞ்செரிச்சல் உள்ளவன் நீ. தின்பதற்கும் படுப்பதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். ராத்திரியில் பழம் தின்றால் சளி பிடிக்கும் என்று ஆச்சி சொல்வார்கள். அப்படி ஒன்றும் பிடிக்காது. ஆனால் லீவில் வரும்போது இதை அவர்களிடம் வாதாடிக்கொண்டிருக்காதே, வீட்டில் நிம்மதி போய்விடும்.

ஜூஸ் கடைப் பக்கம் போகாதே. 100 கிராம் கொய்யாவில் 5 கிராம் அளவுக்கு நார்ச்சத்து இருக்கிறது. வடிகட்டிய ஜூஸில் அது அநேகமாக இருக்காது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், காய்கறியும் பழமும் சேர்த்து 400 கிராமும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நீ மெஸ்ஸில் பொரியலை ஒதுக்கிவிட்டுப் பழக் கிண்ணத்தில் அதை ஈடுகட்டப் பார்க்கிறாய். முதலில் பொரியலைத் தின்னு.

இரண்டு வாரம் இப்படி இருந்து பார். என்ன தின்றாய், எப்போது உப்பியது என்று குறித்து வை. அப்படியும் குறையவில்லை என்றாலோ, எடை இறங்கினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ என் கடிதத்தை வைத்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அப்பா இரண்டு சீப்பு மட்டி கொடுத்தனுப்புவார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழமாக்கும், ரூம்காரப் பையன்களிடம் சொல்லிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் வைக்காதே, தோல் கறுத்துவிடும். பழுத்ததை முதலில் எடு, அவர்களுக்கும் கொடு. டிரைவர் நம்பரை அப்பா மெசேஜ் பண்ணுவார். பஸ் வந்து நிற்கிற நேரத்தில் தூங்கிவிடாதே.

அன்புடன்,
அம்மா